பெரிய மனிதர்

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மாலையில் வந்து உட்கார்ந்து, காபியைச் சாப்பிட்டு டம்ளரைக் கீழே வைத்ததும் ஏதாவது ஒரு கேள்வியைத் தூக்கிப் போடுவார். பதிலும் அவரிடமே தயாராக இருக்கும். மறுத்துச் சொல்வதுதான் என் வேலை. பல வருஷங்களாக எங்கள் சிநேகம் இப்படித்தான் நடந்து வருகிறது.

சில வாரங்களுக்கு முன் அவர் கேட்ட கேள்வி: "ஐரிஷ்காரர்களில் யார் ஸார் எல்லாரையும்விடப் பெரியவர்?"

நான் வாயைத் திறப்பதற்குள், "மைக்கேல் காலின்ஸ். இதிலே இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை" என்றும் சொல்லிவிட்டார்.

இடம் இருக்கிறது என்பதோடு, அந்த நாட்டு ஜனங்களே வேறொருவருக்கு வோட்டுப் போட்டுவிட்டார்கள் என்பதையும் அவருக்கு நினைவூட்டினேன். 2010-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் ஒலிபரப்பு ஸ்தாபனமான ஆர்.டி.இ. இதே கேள்வியை ஜனங்கள் முன் வைத்தது. நாற்பது பெயர்களில் தொடங்கி, கடைசியில் ஐந்து பேர் மிஞ்சினார்கள். மைக்கேல் காலின்ஸ், தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலி, முதல் பெண் ஜனாதிபதி மேரி ராபின்சன், பாடகர் போனோ, வட அயர்லாந்து அரசியல்வாதி ஜான் ஹ்யூம். அந்த வருஷம் அக்டோபர் மாதம் முடிவு சொன்னார்கள். ஜான் ஹ்யூம்தான் ஜெயித்தார்.

நண்பருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவர் என்ன செய்தார்? டெரி ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார். நாட்டை ஆண்டவரும் இல்லை, சிறையில் மாண்டவரும் இல்லை. பேசிப் பேசியே காலத்தைக் கழித்த மனுஷர்!"

அவருடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வோட்டு எண்ணிப் பெரியவரைக் கண்டுபிடிப்பது என்பதே ஒரு வேடிக்கை. 2002-இல் பிரிட்டிஷ் ஒலிபரப்பு ஸ்தாபனம் இதே மாதிரி மிகப் பெரிய பிரிட்டிஷ்காரர் யார் என்று கேட்டது. சர்ச்சில் ஜெயித்தார். அந்த நூறு பேர் பட்டியலில் பதினொன்றாவதாக வந்த ஷாக்கிள்டன் அயர்லாந்தில் கில்டேர் பகுதியில் பிறந்தவர். டப்ளின்காரரான போனோவையும் அதிலே சேர்த்துக்கொண்டார்கள்! பெரிய மனிதர் என்று தெரிந்ததும் சொந்தம் கொண்டாட எல்லோரும் வந்துவிடுகிறார்கள்.

யார் ஐரிஷ்காரர் என்பதே லேசான கேள்வி அல்ல. அந்த நாடு கும்பிடும் ஸெயிண்ட் பாட்ரிக் பிரிட்டனில் பிறந்து, அடிமையாகப் பிடிபட்டு அங்கே வந்து சேர்ந்தவர். கானலி பிறந்தது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில். டி வலேரா பிறந்தது நியூயார்க்கில். மண்தான் கணக்கு என்றால் நமக்குத் தெரிந்த கால்டுவெல் பாதிரியாரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவர் 1814-இல் அயர்லாந்தின் ஆண்டிரிம் பகுதியில், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்து, கடைசியில் இடையன்குடி மண்ணில் அடங்கினார். பாரதியார் குருவாகக் கொண்டாடிய நிவேதிதா தேவியும் ஐரிஷ் பெண்மணிதான். நம் ஊரில் வோட்டு எடுத்தால் முடிவு எப்படி இருக்குமோ!

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அந்த ஐந்து பேரில் எழுத்தாளர் ஒருவர்கூட இல்லை. ஏட்ஸ், ஷா, பெக்கட், ஹீனி என்று இலக்கியத்துக்காக நான்கு நோபல் பரிசு வாங்கிய சின்ன தேசம் அது. ஸ்விஃப்ட், வைல்ட், ஜாய்ஸ் ஆகியோர் அந்தப் பரிசு இல்லாமலே பெரியவர்கள். ஜாய்ஸ் 1941-இல் ஸூரிச் நகரில் காலமானபோது அயர்லாந்து அரசின் பிரதிநிதி ஒருவர்கூட அடக்கத்துக்குப் போகவில்லை. உயிரோடிருக்கும்போது எழுத்தாளனை விரட்டுவதும், செத்த பிறகு அவன் பெயரில் விழா எடுப்பதும் எல்லா தேசங்களுக்கும் பொதுவான வழக்கம் போலிருக்கிறது. இந்த வழக்கை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன். நண்பரின் காலின்ஸுக்கு வருவோம்.

காலின்ஸைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. 1916 ஈஸ்டர் கலகத்தில் டப்ளின் தபாலாபீசுக்குள் இருந்து சண்டை போட்டவர். பிறகு, வெள்ளைக்காரர்களின் உளவுப் படைக்குள்ளேயே தமக்கு ஆட்களை வைத்துக்கொண்டு அதை நடுங்க வைத்தவர். அவர் தேடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் டப்ளின் வீதிகளில் சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தார். வாலிபப் பிராயத்தில் அவருடைய சரித்திரத்தைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் கிடந்தவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் வயது ஏற ஏற, அந்தச் சரித்திரத்தில் ஒரு காலைப்பொழுது என்னை உறுத்த ஆரம்பித்தது. 1920 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. காலின்ஸின் ஆட்கள் காலையில் வீடு வீடாகவும் ஹோட்டல் ஹோட்டலாகவும் புகுந்து, பிரிட்டிஷ் உளவாளிகள் என்று குறித்து வைத்திருந்தவர்களைச் சுட்டார்கள். சிலரைப் படுக்கையிலேயே, சிலரை மனைவியின் கண்ணெதிரில். பதினைந்து பேர் வரை செத்தார்கள். செத்தவர்கள் எல்லோரும் உளவாளிகள் அல்ல. அன்று பிற்பகல் குரோக் பார்க் மைதானத்தில் கால்பந்து பார்க்க வந்த கூட்டத்தின் மேல் பிரிட்டிஷ் படை சுட்டது. அங்கே பதினான்கு பேர் இறந்தார்கள். காலையில் நடந்தது யுத்தம், பிற்பகலில் நடந்தது கொலை என்று பிரித்துச் சொல்ல சரித்திர ஆசிரியருக்கு முடியலாம். எனக்கு முடியவில்லை.

அப்படியானால் காலின்ஸ் பெரியவர் இல்லையா? பெரியவர்தான். ஆனால் நண்பர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. 1921-இல் சமாதானம் பேச லண்டனுக்குப் போகும் முறை வந்தது. டி வலேரா போகாமல் டப்ளினில் தங்கிவிட்டு, காலின்ஸையும் ஆர்தர் கிரிஃபித்தையும் மற்றவர்களையும் அனுப்பினார். முழுக் குடியரசு கிடைக்காது, வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிந்து நிற்கும், அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். இவ்வளவும் தெரிந்து காலின்ஸ் டிசம்பர் 6-ஆம் தேதி கையெழுத்துப் போட்டார். நேற்று வரை வீரன் என்று கொண்டாடியவர்கள் மறுநாள் துரோகி என்றார்கள். அயர்லாந்து சட்டசபை அந்த ஒப்பந்தத்தை 64-க்கு 57 என்ற வோட்டில்தான் ஏற்றது. எட்டு மாதங்கள் சென்று, அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்திலேயே, பழைய தோழர்களின் துப்பாக்கிக்கு இரையானார். வயது முப்பத்தொன்று.

1920-இல் அவர் பணயம் வைத்தது உயிரை. 1921-இல் பணயம் வைத்தது பெயரை. இரண்டாவதுதான் கஷ்டமானது என்று எனக்குப் படுகிறது. உயிரைக் கொடுக்கிறவனுக்கு மாலையும் பாட்டும் காத்திருக்கின்றன. அது அவனுக்கும் தெரியும். தன் ஜனங்களே தன் மேல் காறித் துப்புவார்கள் என்று தெரிந்து ஒரு காரியத்தைச் செய்கிறவனுக்கு எதுவும் காத்திருப்பதில்லை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்ததும், ஐவரில் இடம் பெறாத ஒருவர் என் நினைவுக்கு வந்தார். டேனியல் ஓ'கானல். கத்தோலிக்கர்கள் பாராளுமன்றத்தில் உட்கார 1829-இல் உரிமை வாங்கித் தந்தவர். 1815-இல் துவந்த யுத்தத்தில் ஒரு மனிதரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அந்தப் பாவத்தை ஆயுள் முழுவதும் சுமந்தவர். 1843 அக்டோபரில் கிளாண்டார்ஃப் என்ற இடத்தில் பிரம்மாண்டமான பொதுக்கூட்டம் கூட்ட ஏற்பாடு செய்தார். எண்ணூறு வருஷங்களுக்கு முன் பிரையன் போரு என்ற அரசர் போர் செய்து விழுந்த மண் அது. கூட்டத்துக்கு முதல்நாள் அரசாங்கம் தடை போட்டது. பட்டாளம் தயாராக நின்றது. ஜனங்கள் பல ஊர்களிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். ஓ'கானல் கூட்டத்தை ரத்து செய்து, வழியிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பினார். அன்று சிந்தாமல் போன ரத்தத்தை எந்தச் சரித்திரப் புத்தகமும் அளந்து சொல்ல முடியாது. இளைஞர்கள் கோழை என்றார்கள். அரசாங்கமோ, அப்படியும் அவரைச் சிறையில் போட்டது. அதற்குப் பிறகு அவருடைய இயக்கம் பழைய பலத்துக்குத் திரும்பவே இல்லை.

இப்போது ஹ்யூமைப் பற்றிச் சொல்கிறேன்.

1937-இல் டெரி நகரத்தில் பிறந்தார். ஏழு குழந்தைகளில் மூத்தவர். அந்த ஊரில் கத்தோலிக்கர்கள்தான் அதிகம். ஆனால் வார்டுகளை வெட்டியிருந்த சாமர்த்தியத்தில் நகரசபை எப்போதும் மற்றவர்கள் கையில் இருந்தது. பெண்களுக்குச் சட்டைத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கும். ஆண்களுக்கு வேலை கிடைக்காது. ஹ்யூமின் தகப்பனாரும் வேலை இல்லாதவர்தான். கையெழுத்து நன்றாக இருந்ததால் அக்கம்பக்கத்தார் மனு எழுதிக்கொள்ள அவரிடம் வருவார்கள். பையன் அதே மேஜையில் உட்கார்ந்து பாடம் படித்தான். கொடியைச் சாப்பிட முடியாது என்று தகப்பனார் தமக்குச் சொன்னதாகப் பிற்காலத்தில் ஹ்யூம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஸெயிண்ட் கொலம்ப்ஸ் என்ற பள்ளிக்கூடத்தில் படித்தார். கவி ஹீனியும் அதே பள்ளிக்கூடம். பாதிரியாராகப் படிக்கப் போய், பாதியில் விட்டுத் திரும்பி, வாத்தியார் வேலைக்கு வந்தார்.

அவர் முதலில் செய்த பொதுக்காரியம் அரசியலே அல்ல. 1960-இல், இருபத்து மூன்று வயதில், நாலைந்து பேருடன் சேர்ந்து டெரியில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கம் ஆரம்பித்தார். வட்டிக் கடைக்கும் அடகுக் கடைக்கும் நடந்துகொண்டிருந்த ஜனங்கள் வாரம் சில்லறை போட்டு, தேவைப்படும்போது நியாயமான வட்டியில் கடன் வாங்க வழி ஏற்பட்டது. தாம் செய்தவற்றில் தமக்கு மிகப் பெருமை தருவது இதுதான் என்று, நோபல் பரிசு வாங்கிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இந்த மனிதரிடம் முதலில் மதிப்பு ஏற்பட்டது இந்த இடத்தில்தான். நம் தமிழில் 'பெரிய மனிதர்' என்றால் பணக்காரர் என்றும் ஓர் அர்த்தம் உண்டல்லவா?

வட அயர்லாந்தில் 1960-களின் கடைசியில் தொடங்கிய கலவரம் முப்பது வருஷங்களில் சுமார் மூவாயிரத்து ஐந்நூறு உயிர்களைக் கொண்டுபோயிற்று. 1970-இல் ஹ்யூமும் வேறு சிலரும் எஸ்.டி.எல்.பி. என்ற கட்சியை ஆரம்பித்தார்கள். கத்தோலிக்கர்களின் உரிமை வேண்டும், ஆனால் துப்பாக்கி கூடாது என்பது கட்சியின் கொள்கை. துப்பாக்கி ஐ.ஆர்.ஏ.விடம் இருந்தது. அதன் அரசியல் முகமான ஷின் ஃபேன் கட்சியின் தலைவர் ஜெரி ஆடம்ஸ். 1987-இல் ஹ்யூமின் வீட்டின் மேல் தீவிரவாத இளைஞர்கள் பெட்ரோல் குண்டு வீசினார்கள். அதற்கு அடுத்த வருஷம்தான் அவர் ஆடம்ஸுடன் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.

அன்றைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆடம்ஸின் குரலை ஒலிபரப்பவே கூடாது என்று 1988-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் தடை போட்டது. செய்தியில் அவருடைய உதடு அசையும். வார்த்தைகளை ஒரு நடிகர் பேசுவார். 1993 ஜூன் மாதம் ஜனாதிபதி மேரி ராபின்சன் பெல்பாஸ்ட் நகரில் ஆடம்ஸுடன் கை குலுக்கினார் என்பதற்காகவே பெரிய கண்டனம் எழுந்தது. அப்படிப்பட்ட காலத்தில் ஹ்யூம் அந்த மனிதரைத் தம் வீட்டுக்கே வரவழைத்துப் பேசினார். 1993 ஏப்ரலில் இது வெளியே தெரிந்தது. பத்திரிகைகள் வாரா வாரம் அவரைக் கிழித்தன.

அந்த அக்டோபர் மாதம் 23-ஆம் தேதி பெல்பாஸ்டின் ஷாங்கில் தெருவில் மீன் கடை ஒன்றில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டு வெடித்தது. குண்டு கொண்டு வந்தவனோடு சேர்ந்து பத்துப் பேர் செத்தார்கள். இரண்டு குழந்தைகளும் அதில் உண்டு. குண்டு கொண்டு வந்தவனின் சவப்பெட்டிக்கு ஆடம்ஸ் தோள் கொடுத்தார். இப்படிப்பட்டவருடனா பேச்சு என்று தேசமே ஹ்யூமைக் கேட்டது. ஒரு வாரம் கழித்து, மறுபக்கத்துத் துப்பாக்கிக்காரர்கள் டெரிக்கு அருகே கிரேஸ்டீல் என்ற கிராமத்து மதுக்கடையில் புகுந்து சுட்டார்கள். எட்டு உயிர்கள் போயின.

கிரேஸ்டீல் சவ அடக்கத்துக்கு ஹ்யூம் போனார். இறந்தவர் ஒருவரின் மகள் அவரிடம் வந்தாள். முந்தின இரவு தகப்பனாரின் சவப்பெட்டியைச் சுற்றி நின்று குடும்பத்தார் ஜபம் செய்ததாகவும், இது இனி யாருக்கும் நேராதபடி ஹ்யூமின் முயற்சி பலிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகவும் சொன்னாள். ஹ்யூம் அந்த இடத்திலேயே உடைந்து அழுதுவிட்டார். சில நாட்களில் உடம்பு தாங்காமல் ஆஸ்பத்திரியில் படுத்தார்.

பத்து மாதங்கள் கழித்து, 1994 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, ஐ.ஆர்.ஏ. போரை நிறுத்திற்று. இடையில் ஒருமுறை அது முறிந்தது. மறுபடி ஒட்டியது. 1998 ஏப்ரல் 10-ஆம் தேதி பெரிய வெள்ளிக்கிழமை ஒப்பந்தம். மே மாதம் வடக்கே நூற்றுக்கு எழுபத்தொரு பேர் அதற்குச் சம்மதம் என்று வோட்டளித்தார்கள். அந்த வருஷ நோபல் சமாதானப் பரிசு ஹ்யூமுக்கும் எதிர்த்தரப்பின் டேவிட் டிரிம்பிளுக்கும். பரிசுப் பணத்தை ஹ்யூம் ஏழைகளுக்கு உதவும் இரண்டு ஸ்தாபனங்களுக்குக் கொடுத்துவிட்டார். நம் அரசாங்கமும் 2001-இல் அவருக்குக் காந்தி சமாதானப் பரிசு வழங்கியது.

"பார்த்தீர்களா? பலன் வந்தது, அதனால் பெரியவர். வராமல் போயிருந்தால்?" என்று நண்பர் மடக்கினார்.

நல்ல கேள்வி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. போர்நிறுத்தம் வராமல் போயிருந்தால் ஹ்யூம் யார்? கொலைகாரர்களுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்த அசடு. 2010-இல் ஒரு வோட்டுக்கூட விழுந்திருக்காது. அப்படியானால் ஒருவனுடைய பெருமை இன்னொருவன் துப்பாக்கியைக் கீழே வைப்பதைப் பொறுத்ததா? பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய் என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். இந்த மனிதருக்கு அது பொருந்தாது. அவர் பலனைத் தவிர வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை. நாளைக்கு விழப்போகும் சவங்களில் ஒன்று குறையுமா என்பதே அவர் கணக்கு. ஆனாலும் கிரேஸ்டீல் மயானத்தில் நின்றபோது பலன் எதுவும் கையில் இல்லை. ஏச்சு மட்டும்தான் இருந்தது. வோட்டுப் போட்டவர்கள் 1998-ஐ நினைத்துப் போட்டிருக்கலாம். நான் போட்டிருந்தால் 1993 நவம்பரை நினைத்துப் போட்டிருப்பேன்.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. அதை நண்பர் சொல்லவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். ஹ்யூமின் கட்சியில் அவருக்கு அடுத்த ஸ்தானத்தில் இருந்தவர் ஷேமஸ் மாலன். தம் தொகுதியில் யார் கொன்றாலும், யார் செத்தாலும் அந்தச் சாவுக்குப் போய் நின்றவர். கத்தோலிக்கர் என்ற காரணத்தால் வாசலிலேயே அவமானப்பட்டாலும் போலீஸ்காரர்களின் சாவுக்கும் போனவர். ஆடம்ஸுடன் நடந்த பேச்சில் மாலனுக்கு மனம் ஒப்பவில்லை. தம் தலைவர் தம்மிடம் முழுவதும் சொல்லவில்லை என்ற வருத்தமும் உண்டு. இந்தப் பேச்சினால் நேர்மையாக நின்ற கட்சி தேய்ந்து, துப்பாக்கியோடு நின்ற கட்சி வளர்ந்துவிடும் என்று அஞ்சினார். அப்படியே நடந்தது. 2001-இல் பாராளுமன்றத் தேர்தலிலும் 2003-இல் உள்ளூர்ச் சட்டசபைத் தேர்தலிலும் ஷின் ஃபேன் முந்திவிட்டது. முப்பது வருஷம் கை கறைபடாமல் இருந்தவர்களுக்கு ஜனங்கள் கொடுத்த கூலி அது.

ஹ்யூம் தம் பெயரைப் பணயம் வைக்கலாம், அது அவருடையது. கட்சிக்காரர்களின் வாழ்நாள் உழைப்பையும் அவர்களைக் கேட்காமல் பணயம் வைக்க அவருக்கு என்ன உரிமை? இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உயிர்கள் மிஞ்சின, அது போதும் என்று சொல்லிவிடலாம். ஷாங்கில் தெருவில் குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் போய் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருக்குமா என்று தெரியவில்லை.

பாட் ஹ்யூமையும் விட்டுவிட முடியாது. ஹ்யூமின் மனைவி. 1974-இல் அவர் இருந்த சட்டசபை கலைந்து சம்பளம் இல்லாமல் போனபோது, பாட் வாத்தியாரம்மாவாகச் சம்பாதித்துக் குடும்பத்தைக் காத்தார். பிறகு கணவரின் ஆபீசை நடத்தினார். தொகுதி ஜனங்களின் கண்ணீரையும் வசவையும் முதலில் வாங்கிக்கொண்டவர் அவர்தான். பெட்ரோல் குண்டு விழுந்தபோது வீட்டில் இருந்தவரும் அவர். ஒருவர் பெயரைப் பணயம் வைக்கலாம் என்றால், மாதச் சம்பளத்தை இன்னொருவர் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஹ்யூமுக்குப் பிற்காலத்தில் ஞாபகம் தவற ஆரம்பித்தது. 2015-இல் பாட் இதை வெளிப்படையாகவே சொன்னார். டெரியில் அவர் தனியாக உலாவப் போகலாம், வழியில் எல்லோருக்கும் அவரைத் தெரியும் என்றார். 2020 ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஹ்யூம் காலமானார். கொரோனா காலம். அடக்கத்துக்கு யாரும் கூட வேண்டாம், இரவு ஒன்பது மணிக்கு அவரவர் வீட்டு வாசலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் போதும் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது நண்பர் குறுக்கிட்டார். "காலின்ஸின் சவ ஊர்வலத்துக்கு ஐந்து லட்சம் பேர் வந்ததாகச் சொல்வார்கள், ஸார்."

"வந்தார்கள்" என்றேன்.

அவர் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் மாலை வந்தார். காபியைச் சாப்பிட்டார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த ஓ'கானல், கூட்டத்தை ரத்து செய்தாரே, அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பாரா?" என்று கேட்டார். இந்தத் தடவை அவரிடம் பதில் தயாராக இல்லை.